முப்பத்தொரு நியூட்டன்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜீரோ மிஸ் என்று பெயர். மார்க் போடும்போது ஜீரோவை வாரி வழங்குவாள், அதனால் வந்த பெயர் என்றுதான் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நினைப்பார்கள். அதிலும் பொய்யில்லை. ஆனால் பெயர் பிறந்த இடம் ஆய்வகம். எந்தக் கருவியை யார் கையில் எடுத்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “ஜீரோ போட்டியா?” என்பதுதான். போடாமலே போட்டேன் என்று சொன்னவர்கள் யாரும் அதை இரண்டாம் முறை சொன்னதில்லை.

ஆய்வகம் மாடியில் கடைசி அறை. அமிலம் பட்டு அரித்த மேசைகள், பாதி திறந்து பாதியில் மாட்டிக்கொண்ட ஜன்னல், ஓயாமல் சொட்டும் ஒரு குழாய். இரும்பு அலமாரிக்குள் ஆறு விசை உணரிகளைப் பூட்டி வைத்திருந்தாள். புத்தகத்தில்தான் அது விசை உணரி; பேச்சில் சென்சார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் ஒரு முனையில் கொக்கி. கொக்கியை இழுத்தால் உள்ளே இருக்கும் சின்ன உலோகப் பட்டை முடியளவு வளையும். அந்த வளைவை வைத்து, இத்தனை நியூட்டன் விசை என்று பக்கத்தில் இருக்கும் திரையில் எண் வரும்.

“இதுக்கு மூளை கிடையாது,” என்று ஒவ்வொரு வருஷமும் ஆரம்பிப்பாள். “நீ சொல்லிக் குடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். கொக்கியில ஒண்ணும் மாட்டாம, இதுதான் ஜீரோன்னு சொல்லணும். அப்பறம் ஒரு கிலோ எடைக்கல்லத் தொங்கவிட்டு, இதுதான் ஒன்பது புள்ளி எட்டுன்னு சொல்லணும். இந்த ரெண்டையும் வெச்சுத்தான் மத்ததை எல்லாம் அது கணக்குப் போடும். அளவுத்திருத்தம்னா இவ்வளவுதான். இதுல தப்பு விட்டா அப்பறம் நீ அளக்கறது அத்தனையும் தப்பு. கூச்சமே இல்லாம, தசமப் புள்ளி வெச்சுக் காட்டும்.”

சென்சாரைப் படுக்கவைத்து ஜீரோ போட்டுவிட்டு, தொங்கவிட்டு எடை பார்த்தான் ஒருவன். அப்படிச் செய்தால் கொக்கியின் எடையும் சேர்ந்துகொள்ளும். வகுப்பிலேயே வாட்டசாட்டமானவன். அவனை முன்னால் அழைத்து, ஒரு கிலோ எடைக்கல்லைக் கையில் கொடுத்து, கையை நேராக நீட்டச் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை. பாடம் போய்க்கொண்டிருந்தது. முதலில் சிரித்துக்கொண்டு நின்றவனுக்கு முகம் சிவந்தது, தோள் இறங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது.

“என்ன, நடுங்குதா?” என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடியே. “அதுக்குப் பேருதான் ஒன்பது புள்ளி எட்டு நியூட்டன். இனிமே மறக்காது.”

மறக்கவில்லை. அவளிடம் படித்தவர்கள் எதையும் மறப்பதில்லை. அவர்களுக்கு அவளைப் பற்றித் தெரியாதது ஒன்றுதான். யாராவது பேசினால் மிஸ் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டுவாளே, அது கூர்ந்து கேட்பதற்காக அல்ல. இடது காது கேட்காது.

அந்தக் காதை எடுத்தது அவள் கணவரின் கை.

அவருக்கு டயர் கடை. நாலு தெருவுக்கும் வேண்டிய மனுஷன். நடுவழியில் பஞ்சர் ஆகி நிற்கிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய் உதவுவார். சக்கரத்து நட்டை ஸ்பேனர் வைத்து ஒரே அழுத்தில் இறுக்கிவிடுவார்; வேலையாட்கள் காலால் மிதித்தாலும் அது கழலாது என்று வாடிக்கையாளர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்தக் கைதான் கல்யாணமான புதிதில் ஒரு மதியம், கடைச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் காதோடு சேர்த்து விழுந்தது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துக்கொண்டு போனார். “குளியலறையில வழுக்கிட்டா டாக்டர். பார்த்து நடன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்,” என்று அவளுடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டபடியே சொன்னார். டாக்டர் அவளைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்பதுபோலச் சிரித்தார்.

அதன் பிறகு காதுப் பக்கம் போகமாட்டார். முதுகு, புஜம், ஜாக்கெட் மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான். யாராவது வீட்டில் இருக்கும்போது கோபம் வந்தால் வெறுமனே சிரித்துக்கொண்டு, “இரு, உனக்கு இருக்கு,” என்பார். விருந்தாளிகள் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை அவள் இன்னும் கொஞ்சம் காபி, இன்னும் கொஞ்சம் காபி என்று உபசரித்துக்கொண்டே இருப்பாள். மகள் பிறந்து வளர்ந்த பிறகு, “நீ போய்ப் படி,” என்று அவளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அந்த மகளும் படித்து முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் கடையில் சக்கரத்தை இறுக்கிக்கொண்டிருந்தபோதே ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், வாயின் ஒரு ஓரம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளை விரிப்பின் மேல் அந்தக் கை கிடந்தது. டீச்சர் அதை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாள். விட்டாள். பொத்தென்று விழுந்தது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், “கவலப்படாதீங்கம்மா, வந்துடும்,” என்றாள்.

“வந்துடுமா?” என்று கேட்டாள் டீச்சர். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் ஒருவர் வந்துபோனார். இளவயசு, கலகலப்பான ஆள். கால் தேறிவிடும், கைதான் மெதுவாக வரும், தினமும் இழுத்துப் பழக வேண்டும் என்றார். “எவ்வளவு பலம் வந்திருக்குன்னு ஏதாவது ஒரு அளவு தெரிஞ்சா அவருக்கு உற்சாகமா இருக்கும். ஏறுறது கண்ணுக்குத் தெரியணும் பாருங்க,” என்றார்.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆறில் ஒரு சென்சாரையும் ஒரு எடைக்கல்லையும் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாயங்காலம் எடுத்துவந்து காலையில் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டி, கொக்கியில் துணி வளையம் ஒன்றை மாட்டி, அதற்குள் அவர் விரல்களை நுழைத்து, “இழுங்க,” என்றாள். முழங்கையை மடக்க அவர் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் மூன்று என்று வந்தது.

“மூணா?” என்றார். அவருக்குச் சொற்கள் வழுக்கித்தான் வந்தன.

“மூணு. ஒரு டம்ளர் தண்ணியத் தூக்கற அளவு.”

குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பள்ளிக்கூடத்தில் அடுத்த கேள்விக்குப் போகிற அதே குரலில், “மறுபடி இழுங்க,” என்றாள்.

ஆனாலும் அந்த நாட்களில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஜீரோ போட்டாள், எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தாள், உள்ளதை உள்ளபடி சொன்னாள். மூன்று ஆறாயிற்று. ஆறு ஒன்பதாயிற்று. எண் ஏற ஏற அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டதுமே, “டீச்சரம்மா வந்தாச்சு, பரீட்சை ஆரம்பம்,” என்று கிண்டலும் செய்வார். எதிர்வீட்டுக்காரி வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டு, “இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும்?” என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போவாள்.

பதினான்கு வந்த அன்று அது நடந்தது. எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வளையத்திலிருந்து விரல்களை உருவிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளின் மணிக்கட்டை வலது கையாலேயே பற்றினார். பற்றி, தன் பக்கம் இழுத்தார். விரல்கள் இறுகின. கோணிய வாயால் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“இரு... உனக்கு இருக்கு.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாரோ, என்னவோ. அவருக்கே அது பழகிப்போன வாக்கியம்; வாய் கோணினாலும் அது மட்டும் வழுக்காமல் வந்தது. கையை விடுவித்துக்கொள்ள அவள் கொஞ்சம் பலமாகவே இழுக்க வேண்டியிருந்தது. பதினான்கு நியூட்டனுக்கு இவ்வளவு என்றால், ஐம்பதுக்கு எவ்வளவு? சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் எடைக்கல்லைத் தொங்கவிட்டபோது, இது எவ்வளவு என்று திரை கேட்டது. ஒன்பது புள்ளி எட்டு என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஏழு என்று அடித்தாள்.

இழுத்தார். பத்து வந்தது.

“நேத்து பதினாலு வந்துச்சே!”

“நேத்து உடம்ப வளைச்சு இழுத்திருப்பீங்க. இன்னிக்கு வந்ததுதான் நிஜம்.”

“இல்ல டீச்சரம்மா. இன்னிக்கு நல்லா இழுத்த மாதிரிதான் இருக்கு.”

“உங்களுக்குத் தோணும்,” என்றாள். “கருவி பொய் சொல்லாது. பாருங்க.” திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அதைச் சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளுகுளுப்பு பரவியது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சொல்லி அவர் நம்பிய முதல் விஷயம் அது.

அப்புறம் அது தினப்படி வேலையாகிவிட்டது. கை பலப்படப் பலப்பட அவள் அடிக்கிற எண் குறைந்துகொண்டே வந்தது. உண்மையில் இருபது இழுத்த அன்றும் திரையில் பத்துதான். உண்மை எவ்வளவு என்பதை மனசுக்குள் பெருக்கி அவள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டாள். பயிற்சிக்காரரை நிறுத்திவிட்டாள். “நானே பழகிட்டேன், நீங்க வேற நோயாளிங்களப் பாருங்க,” என்று இனிமையாகச் சொல்லி அனுப்பினாள். அவர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், “சிந்திடும், இருங்க,” என்று அவளே எடுத்து வாயில் வைத்தாள். சட்டைப் பொத்தானில் கை வைத்தால், “எதுக்குச் சிரமம்?” என்று தள்ளிவிட்டு அவளே போட்டாள். கரண்டியால் ஊட்டினாள், முகம் துடைத்தாள், தலை வாரினாள். அந்தக் கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் கவனமாக இருந்தாள். காலையில் போனதும் முதல் வேலையாக அந்தச் சென்சாரைத் திரும்பச் சரியாக அளவுத்திருத்தம் செய்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். ஒருநாள் காலை அவர் குளியலறையில் சறுக்கி விழுந்துவிட்டார். தூக்கி, துடைத்து, உட்காரவைத்துவிட்டு அவள் ஓடிவந்து அலமாரியைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பையிலிருந்த சென்சாரை எடுத்து மற்றவற்றோடு வைத்ததுதான் தாமதம், மேசைக்கு ஒன்றாகப் பிள்ளைகளே எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஓயாமல் கேள்வி கேட்பதால் மற்றவர்கள் அவளைக் கேள்விக்குறி என்று அழைத்தார்கள். ஒல்லியாய் உயரமாய், நிற்பதும் கொஞ்சம் வளைந்துதான் நிற்பாள். ஜீரோ மிஸ்ஸுக்குப் பயப்படாத ஒரே பிள்ளை அவள்தான். டீச்சருக்கும் அவளைப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

மரக்கட்டையை மேசைமேல் இழுத்து உராய்வை அளக்கும் பாடம். எல்லா மேசையிலும் ஏறக்குறைய ஒரே விடை வர, கேள்விக்குறியின் மேசையில் மட்டும் பாதி வந்தது. கூட இருந்தவர்கள் பக்கத்து மேசை விடையைப் பார்த்து எழுதிவிடலாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. ஜீரோ பார்த்தாள், சரியாக இருந்தது. ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டாள். நான்கு புள்ளி ஒன்பது காட்டியது. முகம் பிரகாசமாகிவிட்டது அவளுக்கு.

“மிஸ்! கண்டுபிடிச்சுட்டேன் மிஸ்! இதுல யாரோ வேணும்னே தப்பாப் பதிஞ்சு வெச்சிருக்காங்க. ஒன்பது புள்ளி எட்டுக்குப் பதிலா அதுல சரிபாதி. தற்செயலா அப்படி வராதுல்ல மிஸ்?”

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் பாடம் நடத்திய இத்தனை காலத்தில், சொல்லிக் கொடுத்ததை ஒரு பிள்ளை இவ்வளவு சுத்தமாகச் செய்துகாட்டியது அதுதான் முதல் தடவை.

“யாரு பதிஞ்சா?” என்றாள்.

“தெரியல மிஸ்.”

“சென்சார் யார் கையில இருக்கு?”

“என் கையில... ஆனா நான் வரும்போதே...”

“உன் கையில இருக்கு. நீதான் நோண்டியிருக்கே. வேணும்னே பண்ணிட்டு, கண்டுபிடிச்ச மாதிரி வந்து பெருமை அடிச்சுக்கறே. மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?”

“நான் தொடல மிஸ்.”

“பொய் வேறயா?”

“நான் தொடல மிஸ்,” என்றாள் மறுபடியும். அழவில்லை. அதுதான் டீச்சரால் தாங்க முடியாமல் போனது. அந்தச் செய்முறைக்கு அவளுக்கு ஜீரோ போட்டாள். வருஷம் முடியும்வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது, மற்றவர்கள் செய்வதைச் சுவரோரம் நின்று பார்க்கலாம் என்றாள். மேசைத் தோழிகளைக் கூப்பிட்டு, “இவ நோண்டினதப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள். இரண்டு பேர் ஜீரோ மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, “பார்த்தோம் மிஸ்,” என்றார்கள்.

அன்று சாயங்காலமும் சென்சார் வீட்டுக்கு வந்தது.

வெகு சீக்கிரமே அவர் களைத்துப்போனார். பத்து, பத்து, பத்து என்றே வந்துகொண்டிருந்தது. பிறகு அவள் அதை எட்டுக்கு இறக்கினாள், ஏழுக்கு இறக்கினாள். “தேய்ஞ்சுட்டே போகுது,” என்றார். “வயசாச்சுல்ல,” என்றாள். ஒருநாள் வளையத்துக்குள் விரலை நுழைக்கவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை; தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, சென்சாரையும் அப்படியே கட்டிலில் கட்டியபடி விட்டுவைத்தாள். அதற்கு முந்தின நாள்தான் அவர் கடைசியாக இழுத்தது; திரையில் ஏழு வந்தது. அன்று உண்மையில் அவர் இழுத்தது முப்பத்தொரு நியூட்டன். கரண்டி பிடிக்க, பொத்தான் போட, சாவி திருப்ப எல்லாம் அது தாராளமாகப் போதும்.

பயிற்சி நின்றதும் கை இறுக ஆரம்பித்தது. முதலில் முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியது. அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடங்கின. விடுமுறை வருவதற்குள் அது திறக்க முடியாத ஒரு முஷ்டியாகிவிட்டது. நகம் வெட்டுவதற்காக அவள் தினமும் அந்த முஷ்டியைப் பிரிக்கப் போராடுவாள். அவர் வலியில் கத்துவார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். போனில், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறார் என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபடியே, கட்டில் சட்டத்தில் கட்டியிருந்த சென்சாரை அவிழ்த்துக் கையில் எடுத்தாள் மகள். அவளும் ஜீரோ மிஸ்ஸிடம் படித்தவள்தான். வகுப்பில் அம்மாவை மிஸ் என்று கூப்பிட்டவள். கை தானாகவே வேலை செய்தது. தொங்கவிட்டாள், ஜீரோ போட்டாள், மேசையில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொக்கியில் மாட்டினாள். இரண்டு சொச்சம் வந்தது. பாட்டிலைப் பார்த்தாள். நிறைந்துதான் இருந்தது. மாற்றி மாற்றி மாட்டினாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா. ஒரு லிட்டர் தண்ணி ரெண்டு நியூட்டனா?”

டீச்சர் அடுப்பைக் குறைத்தாள். திரும்பவில்லை.

“யாரு இப்படிப் பதிஞ்சது?”

“நான்தான்.”

“தெரியாம பண்ணிட்டியா?”

“ஜீரோ மிஸ் தெரியாம பண்ணுவாளா?”

மகள் சென்சாரை மேடையில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள். “அவர் என்னென்ன செஞ்சார்னு எல்லாம் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் நான்தானே இருந்தேன். நீ அவரை விட்டுட்டுப் போயிருந்தா உன்கூட வந்திருப்பேன். போலீஸுக்குப் போயிருந்தா வந்து சாட்சி சொல்லியிருப்பேன். அவர் தூங்கும்போது அந்தக் கைய நீ கல்லால அடிச்சு நசுக்கியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். ஆனா இது... தினமும் அவரை இழுக்கச் சொல்லி, தினமும் பொய்ய முகத்துக்கு நேரா காட்டி...”

“அவர் என்னை அடிச்சதும் தினமும்தான்.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. கணக்கு சொல்றேன்.”

“அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்.”

டீச்சர் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் கட்டிலின் எதிரே போய், வகுப்பில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்றாள்.

“உங்க கை தேறிட்டுத்தான் இருந்துச்சு,” என்றாள். “நான் சென்சாரை மாத்தி வெச்சேன். நீங்க பார்த்த நம்பர் எல்லாம் பொய்.”

அவருக்குப் புரிவதற்கு நேரம் பிடித்தது. முகத்தின் நல்ல பாதி முதலில் சிரிக்கப் பார்த்தது. அப்புறம் அது நின்றது. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த முஷ்டியைக் குனிந்து பார்த்தார். இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“எவ்வளவு?” என்றார்.

“என்ன?”

“நெஜமா... எவ்வளவு வந்துச்சு?”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணு,” என்றார். மகளைப் பார்த்து, யாரோ கொடுத்த பரிசைப் பற்றிச் சொல்வதுபோல, “முப்பத்தொண்ணு வந்துச்சாம்மா,” என்றார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி பதறி ஓடிவந்தாள். வலி போல, பாவம், என்று அவள் டீச்சரின் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

இரண்டொரு நாளில் மகள் அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே டாக்டர்கள் பார்த்தார்கள். ஊசி போட்டு, கட்டை வைத்துக் கட்டி, மெதுவாக நீட்டிப் பார்த்தார்கள். முழங்கை ஓரளவுக்கு இறங்கியது. விரல்கள் இனி முழுசாகத் திறக்காது, நேரத்தோடு வந்திருக்க வேண்டும் என்றார்களாம்.

பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த வகுப்புக்குப் பாடப்பிரிவு மாற்றக் கேட்டிருந்தவர்களில் கேள்விக்குறியும் இருந்தாள். இயற்பியல் வேண்டாம் என்று கேட்டிருந்தாள். டீச்சரின் கையெழுத்து வேண்டும் என்று ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். டீச்சர் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போக வேண்டியவள் போகவில்லை.

“நான் தொடல மிஸ்,” என்றாள்.

“தெரியும்.”

பெண்ணின் முகம் மாறியது. “எப்பக் கண்டுபிடிச்சீங்க மிஸ்?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது, மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் பிள்ளை ஒருவேளை இயற்பியலிலேயே இருந்திருக்கும். டீச்சர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள்.

“அன்னிக்கே தெரியும்,” என்றாள்.

கேள்விக்குறி வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் படியிறங்கிப் போவதை டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜீரோவை அன்றே அடித்துவிட்டு முழு மார்க் போட்டாள். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தனியாக இருப்பது அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. கதவைத் தாழ் போடாமல் குளித்தாள். ஒரு தட்டு உடைந்த அன்று, திடுக்கிட்டு நிற்காமல் குனிந்து பெருக்கி எடுத்தாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் பேச்சு நீளாது.

ஒரு ஞாயிறு மகளின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அப்பா வீட்டுக்கு வரணும்னு சொல்றார்.”

“எந்த வீட்டுக்கு?”

“உன்கிட்டத்தான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். இங்க நானும் வேலைக்குப் போகணும், அவருக்கும் இடம் ஒட்டல. நீ செஞ்சது தெரிஞ்சும் கேக்கறார்மா. நீ ஊட்டினாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்காம்.”

டீச்சர் போனை வலது காதிலேயே இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி அவர் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. டீச்சரம்மா என்பது மட்டும் விளங்கியது.

“வேணாம்னு சொல்லு,” என்றாள்.

“ஒரு தடவை நீயே பேசேன்.”

“வேணாம்.”

“அம்மா, அவர் அழறார்.”

“அழட்டும்,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துவைத்து, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.